மை ஊறிய விடைத்தாள்

அருள்,

இதைப் பட்டறையில் நின்றபடி படிக்காதே. கையிலிருக்கிற கிரீஸைக் கழுவிவிட்டு, எங்காவது உட்கார்ந்து படி. இரண்டு வாரத்துக்கு முன் சிதம்பரத்தில் நான் பேச ஆரம்பித்தபோது, “விடும்மா, கல்யாண நேரத்துல இப்ப எதுக்கு அதெல்லாம்” என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, என்னைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். அப்புறம் போனில் இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் அதே “விடும்மா”. பேச்சை நீ நிறுத்திவிடுகிறாய் என்பதால்தான் எழுதுகிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் வருகிற கடிதம் இல்லை. உன் பெரியப்பாவுக்கும், புதுச்சேரிச் சித்திக்கும், கல்யாணத்துக்கு வரப்போகிற நம் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒரு நகல் போகும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உன்னை நான் தனியாகக் கூப்பிட்டு அவமானப்படுத்தவில்லை. அவர்கள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதுதான் செய்தேன். அதனால் இதையும் அவர்கள் படிக்கட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை காலை. உன் அப்பா மீன் வாங்க முதுநகருக்குப் போயிருந்தார். பத்திரிகை வைக்கவேண்டியவர்கள் பெயரை எழுதலாம் என்று நான் மேசைக்கு வந்தேன். எழுதத் தாள் தேடியபோது, பேப்பர் மில்லில் நான் ரிட்டயர் ஆன அன்றைக்கு லேப் அலமாரியிலிருந்து கொண்டுவந்த கட்டு ஞாபகம் வந்தது. மில்லில் ஒரே ஓட்டத்தில் வருகிற தாளை ஒரு லாட் என்போம், ஒவ்வொரு லாட்டிலும் சில தாள்களை எடுத்து, மேலே சீட்டு ஒட்டி, தனியாக வைப்போம். பின்னால் ஏதாவது புகார் வந்தால் எடுத்துப் பார்க்க. வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் அலமாரி அடியில் கிடந்தவை. குப்பைக்குப் போகிறதே, நல்ல வெள்ளைத் தாள் ஆயிற்றே என்று பையில் போட்டுக்கொண்டு வந்தேன். அதிலிருந்து ஒரு தாளை உருவி, என் மைப் பேனாவில் முதல் பெயரை எழுதினேன். உன் பெரியப்பா பெயர்.

எழுதி முடிப்பதற்குள் எழுத்து தடித்துக்கொண்டே போனது. சுழிகள் எல்லாம் அடைபட்டன. மெய்யெழுத்தின் மேல் கடுகளவு புள்ளி வைத்தேன், அது மிளகளவு ஆனது. பேனாவில்தான் கோளாறு என்று நினைத்து, நிப்பைத் துடைத்துவிட்டு அடுத்த பெயரை எழுதினேன். அதுவும் அப்படியே. தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் இரண்டு பெயரும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்தன. சிரிப்புத்தான் வந்தது எனக்கு. இருபத்தாறு வருஷம் இதைத்தானே சோதித்தோம், இப்படிக் கேவலமான லாட் எது என்று கட்டின் மேலிருந்த சீட்டைப் பார்த்தேன். லாட் நம்பர், தேதி, வாங்கியவர் பெயர் எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. வாங்கியவர் என்ற இடத்தில் உன் கல்லூரிக்கு விடைத்தாள் அச்சடிக்கிற அச்சகத்தின் பெயர். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் உன் கல்லூரியின் பெயர். தேதி, உன் கடைசி வருஷத்து மே மாதம்.

“மை ஊறிடிச்சிம்மா. பின்னாடி எழுதனது முன்னாடி வந்துடுச்சி. அவுங்களுக்குப் படிக்கவே முடிஞ்சிருக்காது.”

ரிசல்ட் வந்த அன்றைக்கு நீ சொன்னது அந்தக் கூடத்தில் எனக்கு அப்படியே கேட்டது, அருள். நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்கி வழிகிற வாசனை வந்தது. போய் அணைக்கத் தோன்றவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

கல்யாணத்துக்கு வருகிறவர்களில் பலருக்கு நான் மில்லில் என்ன செய்தேன் என்றே தெரியாது. ஏதோ லேப், ஏதோ கெமிஸ்ட்ரி என்றுதான் தெரியும். அவர்களுக்காகச் சொல்கிறேன். கூழிலிருந்து வருகிற வெறும் தாள் பஞ்சு மாதிரி. தண்ணீரைக் கண்டால் குடித்துவிடும், மையைக் கண்டாலும் குடித்துவிடும். அது குடிக்காமல் இருப்பதற்காகக் கூழிலேயே ஒரு மருந்தைக் கலப்பார்கள். அதற்கு மில்லில் சைசிங் என்று பெயர். முன்காலத்தில் மரப்பிசினும் படிகாரமும் போட்டார்கள். எங்கள் காலத்தில் பால் மாதிரி வெள்ளையாக ஒரு கரைசல் டிரம்மில் வந்தது. உள்ளே இருப்பது மெழுகு மாதிரியான ரசாயனம். அது தாளின் நாரோடு ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாமல் தடுக்கும். அந்தப் பாலைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கவேண்டும். வெயிலில் வைத்தால் வேலை செய்கிற குணம் போய்விடும். ஆனால் பார்க்க அதே பால்தான். கெட்டுப்போனது கண்ணுக்குத் தெரியாது. தாள் ஆனபிறகு தண்ணீர் ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும். அப்படி ஊற்றிப் பார்ப்பதுதான் என் வேலை. தாளின் மேல் ஒரு வளையத்தை இறுக்கி, தண்ணீர் விட்டு, ஒரு நிமிஷம் கழித்துக் கொட்டி, ஒற்றி எடுத்து, எவ்வளவு குடித்திருக்கிறது என்று எடை பார்க்க வேண்டும். நீ சின்னப் பையனாக இருந்தபோது, “தண்ணி ஊத்தறதுக்கா உனக்கு சம்பளம்?” என்று கேட்டுச் சிரிப்பாய்.

அந்த மே மாதம் மில்லில் டிரம் வைக்கிற குளிர் அறை ரிப்பேர். டிரம்கள் வெளியே தகரக் கொட்டகையில் நின்றன. கடலூர் மே மாத வெயிலை நான் உனக்குச் சொல்லவேண்டாம். அந்த லாட் மெஷினிலிருந்து வந்தது ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை சிதம்பரத்தில் மாதா கோவிலில் உன் மாமா மகளுக்குப் புதுநன்மைப் பூசை. நான் நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். இரண்டரைக்குத் தண்ணீர் டெஸ்ட் செய்தேன். இருபத்தைந்துக்கு மேல் போகக்கூடாது, முப்பத்தெட்டு வந்தது. இந்த மருந்து பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும் என்பதால், தாளைச் சூட்டடுப்பில் வைத்துத் திரும்பவும் பார்ப்பது முறை. பார்த்தேன். முப்பத்தாறு. அப்போது ஷிப்டு இன்சார்ஜ் வந்து கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னா மேடம், லாரி எவ்ளோ நேரம் நிக்கும்? குடோன்ல ஒரு வாரம் கெடந்தா தானா செட் ஆயிடும். போட்டுக் குடுங்க.”

“சார், ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. டிரம்மு கெட்டுப்போச்சோ என்னமோ.”

“பாலு நல்லாத்தானே இருக்கு? நான் பாத்தேனே.”

பார்த்தால் தெரியாது என்பது எனக்குத் தெரியும். அந்த அறையில் இருந்த இரண்டு பேரில் அது தெரிந்தவள் நான் ஒருத்திதான். மணி மூன்று ஆகியிருந்தது. அவர் என்னை மிரட்டவில்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். மிரட்டியிருந்தால் எனக்கு இன்று ஒரு சாக்கு இருந்திருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அந்தக் குழந்தைக்கு வாங்கி வைத்திருந்த வெள்ளைக் கவுனை மடிக்கவேண்டுமே என்று நினைத்தேன். ரிப்போர்ட்டில் இருபத்துநாலு என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன். நாலு மணி பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். என் வேலைக் காலத்தில் நான் எழுதிய பொய் எண் அது ஒன்றுதான். ஒன்றுதான் என்பதாலேயே, அதை மறப்பது எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

அந்தத் தாள் எங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை. விடைத்தாள் ஆகப்போகிறது என்று சீட்டில் நானே எழுதியிருக்கிறேன், என் மகன் படிக்கிற கல்லூரியின் பெயரையே எழுதியிருக்கிறேன், அப்படியும் தோன்றவில்லை. தினமும் முப்பது சீட்டு எழுதுகிற கை அது. கண் பார்த்திருக்கிறது, மனசு பார்க்கவில்லை. நீ மைப் பேனாவில் எழுதுகிறவன் என்பதும் எனக்கு அப்போது தோன்றவில்லை. உன்னை மைப் பேனாவில் எழுதவைத்ததே நான்தான். பத்தாம் வகுப்பில் நீ பால்பாயிண்ட் கேட்டபோது, கையெழுத்துக் கெட்டுப்போகும் என்று வாங்கித் தரவில்லை. உன் வகுப்பில் அநேகமாக எல்லோரும் பால்பாயிண்டில் எழுதினார்கள். அந்த மை கெட்டி, ஊறாது. அதனால்தான் அந்தத் தாளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சும் எழவில்லை. நீ மட்டும்தான் அந்தத் தாளில் மாட்டிக்கொண்டாய் என்று முதலில் நினைத்தேன். தாளும் நான் கொடுத்தது, பேனாவும் நான் கொடுத்தது.

ரிசல்ட் வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். மாதா திருவிழாவுக்காகச் சொந்தக்காரர்கள் எல்லாம் நம் வீட்டில் இருந்தார்கள். உனக்கு அதற்கு முன்பே கேம்பஸில் வேலை உறுதியாகியிருந்தது. எல்லாப் பாடமும் பாஸ் என்றால் செப்டம்பரில் சேரவேண்டும். பெரியப்பா அதைக் கேள்விப்பட்டு உனக்கு ஒரு வாட்ச் கொண்டுவந்திருந்தார். நீ கதவருகில் நின்று, இரண்டு பேப்பர் போய்விட்டது என்றாய். பெரியப்பா, “எப்பிட்றா? நீ நல்லாத்தானே படிச்ச?” என்று கேட்டார். அப்போதுதான் நீ மை ஊறியதைச் சொன்னாய். நான் சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தேன்.

“பேப்பரப் பத்தி எங்கிட்டயே சொல்றியாடா? இருவது வருஷமா நான் அத டெஸ்ட் பண்றவ. எழுதத் தெரியாதவன் தாளக் குத்தம் சொல்லாத.”

யாரோ சிரித்தார்கள். சித்தி வீட்டுக்காரர் என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது, அருள். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று இருந்தது.  நீ உள்ளே போய்விட்டாய். பெரியப்பா வாட்சை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். சாப்பிட வா என்று நான் கூப்பிடவில்லை.

அதற்கு அப்புறம் நீ அரியர் எழுதவில்லை. எவ்வளவோ சொல்லியும் எழுதவில்லை. கிள்ளையில் போட் என்ஜின் ரிப்பேர் செய்கிறவரிடம் சேர்ந்தாய், சிதம்பரத்தில் ரூம் எடுத்தாய். இப்போது நீயே பட்டறை வைத்திருக்கிறாய், நாலு பேர் உன்னைத் தேடி வருகிறார்கள், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் யார் கேட்டாலும், “படிப்பு ஏறலை, கை வேலைதான் வந்துச்சி” என்றுதான் ஒன்பது வருஷமாகச் சொல்லிவந்தேன். நிர்மலாவைப் பெண் பார்க்கப் போனபோதும் அவள் அப்பாவிடம் அதையே சொன்னேன். நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அப்பா மீனோடு வந்து, வழிந்த பாலைப் பார்த்து, என்னைப் பார்த்து, “என்னாச்சி? யாருக்கு என்ன?” என்றார். யாருக்கோ சாவு என்றே நினைத்துவிட்டார். நான் தாளைக் காட்டினேன். சீட்டைக் காட்டினேன். எண்ணை மாற்றி எழுதியதைச் சொன்னேன். அவர் மீன் பையைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“அப்ப அவன் சொன்னது நெசமா?”

பீரோவில் உன் சர்டிபிகேட் ஃபைலை எடுத்தோம். மறுமதிப்பீட்டுக்காக நீ வாங்கிய விடைத்தாள் நகல் அதில் இருந்தது. அதை வாங்க நீ அலைந்தது எனக்குத் தெரியும். ஒரு நாள் கொண்டுவந்து மேசையில் வைத்தாய். நான் அதன்மேல் காய்கறிப் பையை வைத்தேன். அன்றைக்கு நீ மறுபடி எடுத்து உள்ளே வைத்ததுதான். இப்போதுதான் முதல் தடவையாக அதைப் பிரித்தேன். முப்பத்திரண்டு பக்கமும் பார்த்தேன். ஒரு வரிக்குள் இன்னொரு வரி திரும்பிப் புகுந்து, எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. ஓரிரு இடத்தில் திருத்தியவர் சிவப்பில் கேள்விக்குறி போட்டிருந்தார். பாதிக்கு அப்புறம் அவரும் விட்டுவிட்டார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, திரும்பக் கழற்றினார். “எத்தினி பக்கம் எழுதியிருக்கான் பாரு” என்றார். மீன் பையை எடுத்துக்கொண்டு அவரே கொல்லைப்பக்கம் கழுவப் போனார். 

சனிக்கிழமை மாலை கோவிலில் பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டே பேர். அப்போது விலகி வெளியே வந்துவிட்டேன். ஃபாதர் கேட்பதற்கு முன்னால் நீ கேட்கவேண்டியது அது. திங்கட்கிழமை காலை, நீ டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்த அந்த நாள், சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். நீ கிள்ளைக்குப் போயிருக்கிறாய், மதியம்தான் வருவாய் என்று பட்டறையில் சொன்னார்கள். எங்கே போவது என்று தெரியாமல், நிர்மலா வேலை செய்கிற மருந்துக் கடைக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பக்கத்து ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். கட்டிக்கப் போகிற பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்றெல்லாம் யோசிக்கவில்லை, கொட்டிவிட்டேன். தாளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். ஆனால் அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

“அத்தை, அவருக்கு இது அப்பவே தெரியும்.”

“எது தெரியும்?”

“உங்க மில்லு பேப்பர்னு. நீங்க கையெழுத்து போட்டதுன்னு.”

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். “அந்த நகல் வாங்கினப்புறம் காலேஜ் ஸ்டோர்ல போய்க் கேட்டிருக்காரு. ஸ்டோர் சாரு நல்லவராம். மிச்சம் இருந்த கட்டைக் காமிச்சி, அதுகூட வந்த டெஸ்ட் ரிப்போர்ட்டையும் எடுத்துக் காமிச்சிருக்காரு. கீழ உங்க கையெழுத்து. அவரு சொன்னாராம், தம்பி நீ ஒரு பெட்டிஷன் எழுதிக் குடு, மில்லுகாரங்கள வரச்சொல்லிக் கேப்போம், யாரு டெஸ்ட் பண்ணாங்களோ அவுங்க வந்து பதில் சொல்லட்டும்னு. பேப்பர், பேனாகூட குடுத்திருக்காரு. இவரு எழுதாம எழுந்து வந்துட்டாராம்.”

அந்த ஜூஸ் கடையில் நான் அழுதேனா இல்லையா என்று எனக்கு ஞாபகம் இல்லை.  அப்புறம் ஒன்று நினைவுக்கு வந்தது. நீ மறந்திருக்கலாம். அந்த வருஷம் ஒரு சாயங்காலம், நான் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். நீ வெளியே போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் நின்றபடி கேட்டாய்.

“அம்மா, டெஸ்ட் ரிப்போர்ட்டுல தப்பா எழுதிட்டா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?”

“பின்ன? ஒரே நாள்ல அனுப்பிடுவான். ஏன்டா?”

“சும்மாதான் கேட்டேன்.”

நான் கீரையிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. நீ உள்ளே போனாய். அன்றைக்குத்தான் நீ ஸ்டோரிலிருந்து வந்திருக்கிறாய். இருபத்தொரு வயசுப் பையன், உன் படிப்பையும் வேலையையும் கொண்டுபோய் என் வேலைக்குப் பதிலாக வைத்துவிட்டு, அதை என்னிடம் சொல்லாமலே உள்ளே போயிருக்கிறாய். அதற்கு அடுத்த வாரமும், அடுத்த வருஷமும், நான் உன்னைப் படிப்பு ஏறாதவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிட்டாய்.

அருள், நன்றி என்று சொல்ல வாய் வரவில்லை. உன்மேல் எனக்குக் கோபமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். நீ பெட்டிஷன் எழுதியிருந்தால் என் வேலை போயிருக்கும். போகட்டும், போயிருக்கவேண்டியதுதான். நீ என்னைக் காப்பாற்றியதாக நினைத்தாய். ஆனால் ஒன்பது வருஷம் என்னை ஒரு பொய்யில் உட்காரவைத்து, அது பொய் என்று தெரியாமல் பேசவிட்டு, பார்த்துக்கொண்டிருந்தாய். நாளைக்கு நிர்மலா ஏதாவது தப்புச் செய்தால், அவளுக்காக நீ இப்படி மென்று விழுங்கிக்கொண்டு இருக்காதே. அவளிடம் சொல். கத்து. சண்டை போடு. வாயை மூடிக்கொண்டு பாரம் தூக்குகிறவனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு பெரிய தண்டனை என்று எனக்கு இந்த மூன்று வாரத்தில் தெரிந்துவிட்டது.

என்னிடமிருந்து நீ கற்றுக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது, அது நான் செய்யாதது. உனக்கு என்ஜின் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாள் அவள் வந்து, “வண்டி சத்தம் வேற மாதிரி இருக்குங்க” என்று சொன்னால், உனக்கு என்ன தெரியும் என்று கேட்காதே. எழுந்து போய்ச் சத்தத்தைக் கேள். உன் பிள்ளை வந்து ஏதாவது சொன்னாலும் அப்படியே. நீ சொன்னதற்கு மறுநாள் லேப்பில் நான் ஒரு நிமிஷம் எழுந்து போய், அந்தத் தாளில் ஒரு சொட்டு மை விட்டிருந்தால் போதும். என் மேசையிலிருந்து அலமாரி பத்தடி தூரம். நான் எல்லாம் தெரிந்தவளாக இருந்ததால் அந்தப் பத்தடியை நடக்கவில்லை.

நான் இதுவரை செய்ததையும் சொல்லிவிடுகிறேன். உன் கல்லூரிக்குப் போனேன். நடந்ததை எல்லாம் எழுதி, தாளின் மாதிரியை இணைத்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தேர்வு அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா திகைத்துப்போய், இரண்டு தடவை படித்துவிட்டு, பழைய விடைத்தாள் எல்லாம் எப்போதோ கழித்தாயிற்று, மதிப்பெண்ணை மாற்ற வழியில்லை, ஆனால் அந்த இரண்டு பேப்பரையும் திரும்ப எழுத அனுமதி கேட்டுக் கமிட்டிக்கு வைக்கிறேன் என்றார். விண்ணப்பம் இதோடு இருக்கிறது. எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம், அதில் நான் தலையிடமாட்டேன். மில்லுக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். அவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

நேற்று குமராட்சிக்குப் போனேன். நிர்மலாதான் சொன்னாள், உன்னோடு படித்த கலைச்செல்வி என்ற பெண்ணுக்கும் அதே மாதிரி ஆனது, அவள் ஜெல் பேனாவில் எழுதியவள் என்று. சிதம்பரத்தில் மினி பஸ் பிடித்து, கேட்டுக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். நீ தனி ஆள் இல்லை என்பதே எனக்கு இன்னொரு அடி. உனக்கு ஸ்டோரில் போய்க் கேட்டு உண்மையாவது தெரிந்தது. அந்தப் பெண் இவ்வளவு வருஷமும் ஒன்றும் தெரியாமலே இருந்திருக்கிறாள். மூன்று பேப்பர் போய், படிப்பை நிறுத்தி, அந்த வருஷமே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறாள். இரண்டு பிள்ளைகள். நான் யார் என்று சொன்னதும், தையல் மிஷினை நிறுத்திவிட்டு, எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டாள். சொன்னேன்.  திட்டப் போகிறாள், திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவள் மெல்லக் கேட்டாள்.

“அப்ப நா மக்கு இல்லியா மேடம்?”

“இல்லம்மா. நீ எழுதனது சரி. அத யாரும் படிக்கல. தாளு கெட்டது, நான் கெடுத்தது.”

அவள் எழுந்து உள்ளே போய், மாமியாரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தாள். “இவுங்க இன்னா சொல்றாங்கன்னு கேளுங்க” என்றாள். நான் திரும்ப முதலிலிருந்து சொன்னேன். அதற்குள் அவள் வீட்டுக்காரர் வயலிலிருந்து சைக்கிளில் வந்தார். சைக்கிளை ஸ்டாண்ட் போடக்கூட விடவில்லை, “இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம், இவுரும் கேக்கட்டும்” என்றாள். அவர் அவளை டிகிரி ஃபெயிலு, டிகிரி ஃபெயிலு என்றுதான் கூப்பிடுவாராம். மூன்றாவது தடவையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, சைக்கிள் பெல்லை விரலால் தடவிக்கொண்டு நின்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. குமராட்சியில் முன்பின் தெரியாதவர்களுக்கு மூன்று தடவை சொன்னதை, உனக்கு ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. நீ சொல்லவிடவில்லை. அதனால் இங்கே, நம் ஆட்கள் எல்லோரும் படிக்கிற இடத்தில் சொல்கிறேன்.

நீ எழுதினது சரிடா. நான் எழுதினதுதான் பொய்.

உன் அம்மா
கடலூர்